பித்தப்பை மூன்றாம் பாகத்தில் இருக்கிறது

உழவு இயந்திரம் திருத்துகிறவர்களில் ஆகக் கூடுதலான மனித உயிர்களைக் காப்பாற்றியவர் தியேட்டர் அண்ணைதான். இதை நான் எந்தச் சபையிலும் எழும்பி நின்று சொல்வேன்.

நெளுக்குளத்தில் அவருடைய கராஜுக்குப் பின்னால் இருந்த அறையில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், தியேட்டர் அண்ணையின் வளவிலா இருக்கிறீர்கள் என்று எல்லோரும் விசாரித்தார்கள். மனுசனுக்குப் படமாளிகை ஏதோ இருக்கிறதாக்கும் என்று நினைத்து, புதுப்படத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துத் தரமுடியுமா என்று ஒருநாள் பல்லைக் காட்டிக் கேட்டும் விட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"மாஸ்டர், இது ஒப்பரேசன் தியேட்டர்," என்றார்.

கனடாவிலிருந்து வந்த மைத்துனர் திரும்பும்போது ஒரு பழைய லப்டொப்பை விட்டுப் போயிருந்தார். அதற்குள் ஐந்து பாகங்கள் கொண்ட ஒரு சத்திரசிகிச்சை விளையாட்டு. திரையில் நோயாளி படுத்திருப்பார். மவுசால் கத்தியை எடுத்து வெட்டி, உள்ளே இருக்கிற பிழையான சாமானை எடுத்து, தைத்து, மருந்து பூசி ஆளைப் பிழைக்க வைக்க வேண்டும். எல்லாம் இங்கிலீசில். அண்ணைக்குத் தெரிந்த இங்கிலீசு ஸ்பானர் நம்பர்களோடு முடிந்துவிடும். இருந்தும் நாலு பாகங்களைக் கரைத்துக் குடித்திருந்தார். முதலாம் பாகத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் சொல்லாமல் ட்ரக்டருக்குக் கீழே போய்விடுவார்.

சாப்பிட முதல் கையைச் சாரத்தில் துடைக்கிற மனுசன், விளையாட முதல் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுவார். பிறகு ஒன்றிலும் முட்டாமல் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு உள்ளே வருவார். மனைவிதான் கதிரையை இழுத்துப் போடவேண்டும். அந்த அக்காவை ஊர் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டது. நோயாளியின் இரத்த அழுத்தம் திரையின் மூலையில் நம்பராக ஓடும். அதை உரத்து வாசிப்பது அவாவின் வேலை. குசினி வாசலில் கத்தரிக்காய் வெட்டியபடி எட்டிப் பார்த்து, "எழுவது... அறுவது... இஞ்சை, குழம்புக்கு உப்புக் காணுமோ எண்டு பாருங்கோ... நாப்பது," என்பா.

புதிதாக விளையாட வருகிற எவரும் இரண்டாம் பாகத்தில்தான் தொடங்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். படம் வடிவாயிருக்கிறது என்று ஐந்தாம் பாகத்தில் கை வைத்தவர்களை வளவை விட்டே அனுப்பியிருக்கிறார். அப்படித் தொடங்கியவனுக்கு அவசரம்தான் வரும், கை வராது என்பார். எஞ்சின் ஒயில் விற்க வந்த ஆளை இரண்டாம் பாகத்தில் இருத்தினார். வாக்காளர் பெயர் பதிய வந்த கிராம சேவகர், படிவத்தில் கையெழுத்து வாங்கமுதல் இரண்டாம் பாகத்தின் முதல் நோயாளியைப் பிழைக்கவைக்க வேண்டியிருந்தது. முகம் வெளிறிப் போனவர், அடுத்தநாள் போன் எடுத்து, இன்னொருக்கா வரலாமோ என்று கேட்டார்.

அந்த முதல் நோயாளி உள்ளங்கையில் கண்ணாடி குத்திய ஒரு பேக்கரிக்காரர். கண்ணாடியை எடுத்து மூன்று தையல் போட்டால் சரி. அவரைச் சாகடிப்பதுதான் கஷ்டம் என்று அண்ணை எனக்குத் தைரியம் சொன்னார்.

நான் சாகடித்தேன்.

அண்ணை எழும்பி நின்று லப்டொப்பை மெதுவாக மூடினார். "வெளியிலை அவரின்ரை ஆக்கள் நிப்பினம். நீங்கள்தான் போய்ச் சொல்லோணும்," என்றார். வெளியில் என்பது குசினி. நான் போய் அக்காவின் முன்னால் கைகட்டி நின்று, பேக்கரிக்காரர் தவறிவிட்டார் என்று அறிவித்தேன். அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, கடைசி நேரத்தில் கஷ்டப்பட்டாரோ என்று கேட்டா. இல்லை என்றேன். "அப்ப தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்று கோப்பையை நீட்டினா. ஏனோ அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எனக்கு வயிற்றில் நோ வந்தது. பித்தப்பையில் கல், எடுக்கவேண்டும் என்று கிளினிக்கில் திகதி தந்தார்கள். கத்தி என்றாலே எனக்குக் கால் கூசும். ஒரு திகதிக்குப் பரீட்சை வேலை என்று சொன்னேன். அடுத்ததற்கு மாமியார் வருகிறா என்று சொன்னேன். எனக்கு அப்போது கலியாணமே ஆகவில்லை. மூன்றாவது திகதியையும் தவறவிட்டால் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று பின்னேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கராஜ் வாசலில் குந்தியிருந்த என்னிடம் அண்ணை விசயத்தைக் கேட்டறிந்தார். முகம் மலர்ந்தது.

"பித்தப்பை மூண்டாம் பாகத்திலை இருக்கு மாஸ்டர். ஏழாவது ஆள்."

தனக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தவனுக்குப் பயம் பாதி என்பது அவருடைய கணக்கு. அப்படியானால் நேரே அந்த ஏழாவது ஆளுக்கே போவோம், பதினைந்து நாள்தான் இருக்கிறது என்று கெஞ்சினேன். அவர் மசியவில்லை. பேக்கரிக்காரரைக் கொன்றவனிடம் யார் பித்தப்பையைக் கொடுப்பார்கள் என்று கேட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, கைகழுவி, இரண்டாம் பாகத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். பாடக்குறிப்பு எழுதவில்லை. வகுப்பில் வெண்கட்டியைப் பிடிக்கும் விதமே மாறிவிட்டது.

ஒழுங்கு அவ்வளவு முக்கியம் என்றால் முதலாம் பாகத்தை ஏன் விட்டோம் என்று ஒருநாள் கேட்டேன். ஒளிந்துகொள்ள அன்றைக்கு ஒரு ட்ரக்டரும் வந்திருக்கவில்லை. அவர் மவுசைக் கீழே வைத்தார்.

"அதிலை மயக்க மருந்து இல்லை. ஆள் முழிச்சுப் பாத்துக்கொண்டு கிடக்கும்," என்றார். சண்டை முடிகிற காலத்தில் உடையார்கட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில், மயக்க மருந்தில்லாமல் வெட்டும்போது ஆட்களைப் பிடித்துக்கொண்டு நின்றது தான்தான் என்றும், பிடிக்க மட்டும்தான் தன்னால் முடிந்தது என்றும் சொன்னார். "அந்தப் பாகத்தை ஒருதரும் பழகத் தேவையில்லை மாஸ்டர்."

மவுசை என் பக்கம் தள்ளினார்.

திகதிக்கு நாலு நாள் இருக்கையில் ஏழாவது ஆளிடம் வந்து சேர்ந்தோம். திரையில் நோயாளியின் பெயர் இருந்த இடத்தில் அண்ணை ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி, அதில் 'மாஸ்டர்' என்று எழுதினார். முதல்நாளே நான் மூன்றுதரம் போய்ச் சேர்ந்தேன். வழக்கப்படி குசினிக்குப் போனேன்.

"ஆர் மாஸ்டர், செத்தது?" என்று அக்கா கேட்டா.

"நான்தான் அக்கா."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டாருக்கு அறிவித்தாயிற்றோ என்று கேட்டா. கடைசி நாளில், இரத்த அழுத்தம் முப்பதில் நிற்கும்போது, என் கையால் என் பித்தப்பையை எடுத்து என்னைத் தைத்து மூடினேன். அக்கா பயறு கஞ்சி வைத்துத் தந்தா.

ஆஸ்பத்திரிக்கு இருவரும் என்னோடு வந்தார்கள். சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர், மீசை சரியாக முளைக்காத பிள்ளை, காலையில் வார்ட்டுக்கு வந்தார். அண்ணை மறித்தார்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. நீங்கள் எந்தப் பாகத்திலை தொடங்கினனீங்கள்?"

டொக்டர் கொஞ்சம் யோசித்து, "காலிலை. பிறகுதான் வயித்துக்கு வந்தனான்," என்றார். ஒழுங்காகப் படிப்படியாக வந்த பிள்ளை என்று அண்ணை என் காதில் சொன்னார்.

என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அண்ணை பக்கத்திலேயே நடந்து வந்தார். எந்த இடத்தில் வெட்டுவார்கள், எதைக் கவ்வி இழுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வாசலை நெருங்க நெருங்கப் பேச்சைக் குறைத்தார். கதவு திறந்து ஸ்பிரிட் மணம் அடித்தது. எனக்குப் பின்னால் நெல்மூட்டை சரிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கதவு மூடிக்கொண்டது.

நான் கண் விழித்தபோது அக்கா கட்டிலடியில் இருந்தா. அண்ணை எங்கே என்று கேட்டேன். அவா விரலால் காட்டினா. நாலு கட்டில் தள்ளி, தலையில் கட்டோடு அவர் கிடந்தார். மயங்கி விழுந்ததில் சுவரில் அடிபட்டு, நெற்றியில் ஐந்து தையல். மயக்கம் தெளிய ஊசி போட வந்தபோது, ஊசியைப் பார்த்துத் திரும்ப மயங்கினாராம்.

சிரித்தால் வயிறு நொந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"உடையார்கட்டுக்குப் பிறகு இவர் ஆஸ்பத்திரிக்குள்ளை காலே வைக்கேல்லை, மாஸ்டர். மகளுக்குப் பிள்ளை பிறந்த நேரமும் கேற்றடியிலைதான் நிண்டவர். நான் சொல்லச் சொல்லக் கேளாமல், மாஸ்டர் தனியப் பயப்பிடுவார் எண்டு வந்தவர்."

அடுத்தநாள் காலையில் என்னை எழும்பி நடக்கச் சொன்னார்கள். நான் நாலு கட்டில் நடந்தேன். மனுசன் வாயைத் திறந்தபடி நித்திரையாய்க் கிடந்தார். கட்டில் ஓரத்தில் இருந்து, அவருடைய ஒயில் படிந்த கையைப் பிடித்துக்கொண்டேன்.