நான் ஆடவில்லை, ஒத்திகை பார்த்தேன்

சால்ட்பாண்ட்,
14 செப்டம்பர் 2019.

எஸ்ஸுமான் குடும்பத்தின் தலைவரும் என் கொழுந்தனாருமான திரு. கோபினா எஸ்ஸுமான் அவர்களுக்கு,

உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்றும், தக்கோராடியில் மழை ஓய்ந்திருக்கும் என்றும், என் சென்ற கடிதத்தை உங்கள் மனைவி அராபா ஒரு வரியும் விடாமல் உங்களுக்கு வாசித்துக் காட்டியிருப்பார் என்றும் நம்புகிறேன். இங்கு கடவுள் அருளால் நாங்கள் நலம்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். உங்கள் அண்ணன் ஜோசஃபுக்கு நான் காக்கும் துக்க ஆண்டு முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் கறுப்பு உடையோடு கதவைச் சாத்திக்கொண்டு நான் நடனமாடினேன் என்று உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. தொலைபேசியில் அராபா "ஒண்ணும் இல்லையே அக்கா, நல்லாத்தானே இருக்கீங்க?" என்று மூன்று முறை கேட்டபோதே புரிந்துகொண்டேன். நான் ஆடவில்லை, ஒத்திகை பார்த்தேன். இரண்டும் ஒன்றல்ல. கன்னியர் மடப் பள்ளியில் சனிக்கிழமை தோறும் சிஸ்டர் கொலம்பா எங்களுக்குப் பாட்டு ஒத்திகை நடத்துவார். அதை யாரும் ஞாயிறு பூசை என்று எண்ணிக்கொண்டதில்லை.

ஒத்திகைக்கு அவசியம் வந்தது என் மகன் எபோவால். நம் குடும்ப வழக்கம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு நன்றி ஆராதனை முடிந்ததும் நான் வெள்ளை உடுத்திப் பந்தலுக்குள் வர வேண்டும், வாத்தியம் தொடங்க வேண்டும், நான் தனியாக ஒரு சுற்று ஆடி முடிக்க வேண்டும். அதுவரை வேறு யாரும் எழுந்து ஆடக் கூடாது. நானூறு பேர் நாற்காலியில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் அத்தை அத்துவா தன் முறை வந்தபோது தாளம் தவறியதை இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் பேசுகிறார்கள். "துக்கம் இன்னும் போகல" என்று பாதிப்பேர், "துக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே போறதுக்கு" என்று மீதிப்பேர். எனக்கு எழுபத்தாறு வயது. எந்த இசைக்கு ஆட வேண்டும் என்று தெரிந்தால் தவறாமல் ஆடிவிடுவேன். அதுதான் தெரியவில்லை.

இசை ஏற்பாட்டை எபோவிடம் ஒப்படைத்தது நீங்கள். அவன் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நிலஅளவை அலுவலகத்தை நடத்துகிறான், ஆனால் இசை விஷயத்தில் ஒரே காலத்தில் நிலையாகக் குடியிருந்ததில்லை. பதினாறு வயதில், ஊரடங்கு நாட்களில், பகலிலேயே விருந்து வைத்து அமெரிக்கக் கறுப்பர்களின் காதல் பாட்டுகளுக்குத் தலைமுடியை ஊதிப் பெருக்கிக்கொண்டு திரிந்தான். இருபதில் ஜமைக்காவின் ரெகே பாட்டுக்கு மாறி, குளிப்பதை ஏறத்தாழ நிறுத்தினான். இருபத்தைந்தில், ஹாம்பர்க் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த, இயந்திரம் தாளம் போடும் ஹைலைஃப் பாட்டு இல்லாமல் சோறு இறங்காது என்றான். முப்பத்தைந்தில் மனந்திரும்பி, அத்தனை ஒலிநாடாவையும் ஊருக்குத் தானம் செய்து ஜெபப்பாடல் மட்டும் கேட்டான். நாற்பத்தைந்தில் அதே நாடாக்களைத் தேடி வீடு வீடாக அலைந்தான். இப்போது கேட்டால், உண்மையான இசை 1965-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டதாம். அவன் பிறந்ததே அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

ஜூன் மாதம் வந்தான். "அம்மா, முடிவு பண்ணியாச்சு. நாடு விடுதலையான காலத்து நடன இசைக்குழு. ட்ரம்பெட், சாக்ஸபோன், கழுத்துல கறுப்பு போ டை." எனக்கு மறுப்பில்லை, அது ஒழுங்கான இசை, முதுகு நேராக இருக்கும். மடத்தில் நாங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடி பழகியவர்கள் ஆகையால், சாப்பாட்டு அறைக் கதவைச் சாத்தி, ஒரு நாற்காலியோடு பழகத் தொடங்கினேன். அன்றுதான் வெள்ளை உடைக்கு அளவெடுக்க வந்த தையற்காரி ஆண்ட்டி எஃபுவா, கதவைத் தட்டாமல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்கிறாள். மதியத்துக்குள் சோள உருண்டை கென்கே விற்கும் மான்சாவின் கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. அங்கே நடந்த பேச்சை எனக்கு ஒப்பித்தவர்கள் மூன்று பேர், மூவர் சொன்னதும் ஒன்றுதான்.

"எஸ்ஸுமான் வீட்டம்மா கறுப்புத் துணியோட ஆடுது, என் கண்ணால பார்த்தேன்!"

"ஐயையோ, யார் கூட?"

"நாற்காலி கூட."

"நாற்காலியா? அப்ப விடு. அவரு இருந்தப்பவும் அப்படித்தானே இருந்தாரு."

உங்கள் அண்ணன் அளவாகப் பேசுகிறவர், அவ்வளவுதான்.

நாற்காலியோடு தேர்ச்சி பெற்ற நேரத்தில், ஜூலையில், எபோ மனம் மாறினான். கிடார் குழுவாம், லாரி நிறுத்தத்திலும் கள்ளுக்கடையிலும் வாசிப்பார்களே, அது. இடுப்பை வளைக்காமல் அதற்கு ஆட முடியாது, என் இடுப்போ மறைக்கல்வி கற்ற இடுப்பு. ஒலிபெருக்கியைக் கூடத்தில் வைத்து, ஆறிப்போன சூப்பைப் பரிமாறிய மனைவியைப் பற்றிய பாட்டை அவன் முழங்கவிட்ட அதே சமயம், ஜெபத்துக்கு வந்த உபதேசியார் உள்ளே நுழைந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவாயில்ல மேடம், முடியட்டும்" என்றார். அவர் செருப்புக்கால் தாளம் போட்டதை நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன். மறுநாள் முதல் பத்து நாள் இடுப்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஆகஸ்டில் மீண்டும் ஹாம்பர்க் பாட்டு. அந்தத் தாளம் மூச்சுவிட இடம் கொடுப்பதில்லை. போதாததற்கு நடுவில் மின்சாரம் போய், தூக்கிய காலை எந்தத் தாளத்தில் இறக்குவது என்று தெரியாமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சென்ற செவ்வாயன்றோ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பித்தளை வாத்தியக்காரர் பதினொரு பேரைக் காலை ஒன்பது மணிக்கு முற்றத்துக்கு அழைத்து வந்துவிட்டான். என் பாட்டன் காலத்துக்கே போய்விட்டான். முதல் பாட்டு முடிவதற்குள், சாவு வாத்தியம் என்று எண்ணி, தெருவே கறுப்பும் சிவப்பும் உடுத்தி அழுதுகொண்டு வாசலில் நின்றது. நான் வெளியே வந்தேன். முன்னால் நின்ற மான்சா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா! நீங்க உசுரோடவா இருக்கீங்க?"

"இருக்கேன்."

"அப்ப யாரு போனது?"

"யாரும் போகல மான்சா. வீட்டுக்குப் போ."

"பந்தல்காரனுக்கு வேற சொல்லியாச்சே" என்றாள், நான் ஏதோ வாக்குத் தவறியது போல.

ஆகவே குடும்பத் தலைவர் என்ற முறையில் உங்களை வேண்டுவது இதுதான். எபோவை இந்தப் பொறுப்பிலிருந்து இன்றே விலக்கிவிடுங்கள். நடன இசைக்குழுவே வாசிக்கும் என்று உங்கள் கையெழுத்தோடு உத்தரவிடுங்கள். ஐம்பத்திரண்டு வயதில் தனக்கு எது பிடிக்கும் என்று தெரியாத ஒருவனுடைய கையில் என் மானத்தை விட்டுவைக்க முடியாது.

உங்கள் வீட்டில் சுகமும் பொறுமையும் பெருக வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் கேட்கிறேன். அராபாவுக்கு என் அன்பு. வதந்தியைப் பற்றி விசாரித்ததற்கு நன்றி, பரப்பாததற்கு முன்கூட்டிய நன்றி.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி,
பிலோமினா எஸ்ஸுமான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். ஒருவனைப் பற்றி அவன் அறியாமல் எழுதி அனுப்புவது எனக்குப் பழக்கமில்லை. அதனால் எபோ வந்ததும் உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவன் கோபிக்கவில்லை. "என் ரசனையைப் பத்தி நீங்க எழுதினது எல்லாம் சரிதாம்மா. ஆனா இந்த நாலுல ஒண்ணுகூட எனக்காக இல்ல" என்றான். துறைமுகத்தில் ஜோசஃபோடு வேலை பார்த்த ஒருவர், அவர் நடன அரங்கு வாசலில் நின்று கேட்பார் என்றாராம். அதனால் நடன இசைக்குழு. ஒரு பழைய லாரி ஓட்டுநர், கிடார் பாட்டை அவர் நிறுத்தவே விடமாட்டார் என்றாராம். மற்ற இரண்டுக்கும் இப்படி ஆளுக்கொரு சாட்சி. "ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்கதான் அம்பத்துமூணு வருஷம் கூட இருந்தீங்க. நீங்களே சொல்லுங்க, அப்பாவுக்கு எந்தக் காலத்துப் பாட்டும்மா பிடிக்கும்?"

நம் வீட்டு ரேடியோவைத் திருப்பியது எப்போதும் நான். எதை வைத்தாலும் "நல்லா இருக்கு, பிலோமினா" என்பார். அதை அவருடைய ரசனை என்று எண்ணியே ஐம்பத்துமூன்று ஆண்டுகள் இருந்துவிட்டேன்.

எனவே மேலே நான் கேட்டதை எல்லாம் விட்டுவிடுங்கள். பொறுப்பு எபோவிடமே இருக்கட்டும். செகொண்டியில் கல்யாணம் ஆகும்வரை அவரோடு ஒரே அறையில் இருந்தவர் நீங்கள். சட்டைக்குப் பொத்தான் போடும்போதும் முகம் மழிக்கும்போதும் அவர் என்ன முணுமுணுத்தார்? எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி, கள்ளுக்கடைப் பாட்டாக இருந்தாலும் சரி, ஆறு வாரத்தில் என் கால் பழகிக்கொள்ளும். தொலைபேசி வேண்டாம். தயவுசெய்து உங்கள் கையால் எழுதிப் பதில் அனுப்புங்கள்.