நியூசிலாந்துக்குப் பரஸ்தானம்

மீசை இன்னும் போதிய அளவு வளரவில்லை என்பதுதான் அன்றைய பிரச்சினை.

ராஜாராமன் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, படத்தில் இருந்த மீசையையும் உதட்டின் மேல் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இருந்தது அதிகாரியின் மீசை. உதட்டின் மேல் அங்கங்கே வெள்ளைப் புல் முளைத்திருந்தது.

"பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே மூஞ்சி இருக்கணும்னு அந்த டிராவல்ஸ் பையன் சொன்னானா, இல்லே கிட்டத்தட்ட இருந்தாப் போறுமா?" என்று உள்ளேயிருந்தே கேட்டார்.

"அப்படியேதான் இருக்கணுமாம்" என்றாள் சாவித்திரி, சமையலறையிலிருந்து.

ராஜாராமனுக்குக் கோபம் வரவில்லை. மாறாக, நியூசிலாந்தின் மேல் ஒரு மரியாதை வந்தது. வங்காளத்தில், கார்டன் ரீச் ரயில்வே தலைமையகத்தில், விதிகள் பிரிவில் தலை நரைத்தவர் அவர். வந்த சுற்றறிக்கையை ஏன், எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை; சந்தேகம் வந்தால் கடுமையான பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வேதம். அந்த வேதத்தால் ரயில்களுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டார்கள்.

மீசை போன கதையைச் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் கொரோனாவின் இரண்டாவது அலையில் சௌந்தரராஜன் போய்விட்டார். பவானிபூரில் ஒரே நிறுத்தத்தில் பஸ் ஏறி, கார்டன் ரீச்சில் ஒரே நிறுத்தத்தில் இறங்கி, ஒரு வேலைக்காலம் முழுவதும் அருகருகே உட்கார்ந்து போன சிநேகிதர். ஆஸ்பத்திரிக்குப் போனவரின் முகத்தைக்கூட யாரும் பார்க்க முடியவில்லை. அமெரிக்காவில் பிறந்த பேரனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், தூக்காமலே போனார்.

அதோடு ராஜாராமன் அடங்கிவிட்டார். செய்தித்தாளை நிறுத்தச் சொன்னார். டெலிவிஷனை அணைத்தார். சவரம் செய்யவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தட்டில் சாதம் காய்ந்து போகும். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நியூசிலாந்து ஆக்லாந்தில் பிள்ளை வருணுக்குக் குழந்தை பிறந்து, அதை போனில் காட்டியபோதுகூட ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். சாவித்திரி அன்றைக்கு அழுதாள்.

பிறகு ஒருநாள் அவள்தான், யாரிடமோ சொல்வதுபோல, "குழந்தையைப் பார்க்கப் போகணும்னா இப்போ ஏகப்பட்ட ரூல்ஸாம். எனக்கு ஒண்ணும் புரியலை" என்றாள்.

ராஜாராமன் தலை திரும்பியது. "என்ன ரூல்ஸ்?"

மறுநாள் காலையில் தாடியை எடுத்தார். வேகத்தில் மீசையையும் சேர்த்து எடுத்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமைதான் முகம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

விதிகள் வெள்ளிக்கிழமைகளில்தான் வந்தன. ஜதுபாபு பஜாருக்குப் பக்கத்து டிராவல்ஸ் ஆபீஸில் போய் விசாரித்துக்கொண்டு வருவது சாவித்திரியின் பொறுப்பு. ரயில்வே பாஸிலேயே ஆயுள் முழுக்கப் பயணம் செய்த ராஜாராமன், டிக்கெட் வாங்குகிற ஜன்னலின் வெளிப்பக்கத்தில் நின்று பழகாதவர். அதனால் டிக்கெட்டும் விசாவும் அவளுக்கு, விதிகள் அவருக்கு என்று வேலை பிரிந்திருந்தது. அவள் சொல்வதை அவர் துண்டுக் காகிதத்தில் எழுதி, பீரோக் கதவில் பழைய விதியின் மேல் புதியதை ஒட்டுவார். ஆபீஸில் விதிப்புத்தகத்துக்குத் திருத்தச் சீட்டு ஒட்டியது போலவே, ஓரத்தில் மட்டும் பசை.

மீசை தானாக வளரும் வரை பொறுத்திருக்கலாம். ஆனால் முளைத்ததாவது கறுப்பாக இருக்கட்டுமே என்று அவர் சாயம் பூசினார். சாயங்காலத்துக்குள் மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டது. முகம் பாஸ்போர்ட்டை விட்டு இன்னும் தூரமாகப் போய்விட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை விதி வந்தது: மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரின் கடிதம் கொண்டு வர வேண்டும், அதில் முத்திரை இருக்க வேண்டும்.

டாக்டரிடம் முத்திரையே கிடையாது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அதெல்லாம் யார் வைத்துக்கொள்கிறார்கள் என்றார் அவர். ராஜாராமன் வாதாடவில்லை. டாக்டரின் பெயரில் ஒரு ரப்பர் முத்திரை செய்து, மைப்பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்து, கடிதத்தில் குத்தச் சொல்லி வாங்கி வந்தார். டாக்டர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாலும், போன தடவை கையைப் பிடித்து நாடி பார்த்தபோது இருந்த மனிதர் இவர் இல்லை என்று சாவித்திரியிடம் சொன்னாராம்.

அதற்கு அடுத்த விதி, புறப்படும் முன் சில நாட்கள் வெளியாட்களோடு சேராமல் இருக்க வேண்டும் என்பது. வெளியாட்கள் என்றால் யார்? மனைவி அதில் சேர்த்தியா? விதி சொல்லவில்லை. சந்தேகம் வந்துவிட்டது அல்லவா, கடுமையான பொருள்தான். ராஜாராமன் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாவித்திரி தட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்ததும் எடுத்துச் சாப்பிட்டார். கூடத்தில் இருந்தவளிடம் போனில் பேசினார். குழம்பில் உப்புக் குறைவு என்றுகூடப் போனில்தான் சொன்னார். அவர் குறை சொன்னதைக் கேட்டு அவளுக்கு ஏனோ கண் நிறைந்தது.

இன்னும் ஒரே நாள் பாக்கி என்றபோது துர்கா பூஜை முடிந்து விஜயதசமி வந்தது. எதிர் ஃப்ளாட் சுப்ரியா சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு, சாவித்திரியை ‘மாஷிமா’ என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பூஜை முடிந்ததும் பெரியவர்களை நமஸ்கரிக்காமல் எந்த வங்காளிப் பெண்ணும் திரும்பிப் போகமாட்டாள். என்ன சத்தம் என்று ராஜாராமன் கதவை ஒரு சாண் திறந்த நேரத்தில், "மேஷோமோஷாய்" என்று, சித்தப்பாவை அழைப்பதுபோல அழைத்து, குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டாள்.

"ஒரு நொடிதானே தொட்டா. இதெல்லாம் கணக்கா?" என்றாள் சாவித்திரி.

கணக்குதான் என்றார் அவர். மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார்.

ஒருவழியாக அவர் வெளியே வந்தபோது மீசையும் வந்திருந்தது. பீரோக் கதவில் ஒட்டியிருந்த அத்தனைக்கும் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டாகிவிட்டது.

"எல்லாம் முடிஞ்சுது. இன்னும் ஏதாவது பாக்கி உண்டா?"

சாவித்திரி வெகுநேரம் யோசித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "இன்னும்... ஒண்ணும் இல்லேன்னுதான் நெனைக்கறேன்" என்றாள், குரல் எழும்பாமல்.

விமானத்தை நினைத்துப் பயப்படுகிறாள் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிக்கெட் மாதக் கடைசியில் ஏதோ ஒரு நாளைக்கு என்று மட்டும் அவள் சொல்லியிருந்தாள். பஞ்சாங்கத்தில் மாதக் கடைசி முழுக்க உருப்படியாக ஒரு நாள் இல்லை. அதற்கும் வழி இருக்கிறதே! புறப்படும் நாள் சரியில்லை என்றால், முன்னதாக ஒரு நல்ல நேரத்தில் மூட்டையில் ஒன்றை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதுதான் பரஸ்தானம். வைத்தது மட்டும் திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது. வந்தால் போகிறவரும் போகாமல் திரும்புவார் என்பார்கள்.

சாவித்திரி குளித்துவிட்டு வருவதற்குள், பாஸ்போர்ட்டுகள், தடுப்பூசிச் சான்றிதழ்கள், டாக்டர் கடிதம் எல்லாம் இருந்த கைப்பையை அவர் எட்டி நின்று சுப்ரியாவிடம் நீட்டி, அவள் வீட்டுப் பூஜை அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

"டிக்கெட்டே இன்னும் கைக்கு வரலையே. ஏன்னா, அதுக்குள்ள எதுக்கு அவசரம்?" என்று அவள் பதறினாள்.

பதற வேண்டியவர் அவர்தான். இரண்டாம் நாள் சுப்ரியாவின் புருஷனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் சோதனையில் கொரோனா என்று வந்தது. எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

பை உள்ளே. அதைத் தொட்டால் இத்தனை நாள் காத்த தனிமை கெட்டது. சொந்த வீட்டுக்குள் எடுத்து வந்தால் பரஸ்தானம் கெட்டது. இரண்டு விதிகள் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வருவதை ராஜாராமன் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தார்.

"பேசாமத் தள்ளிப் போட்டுடலாமே" என்றாள் சாவித்திரி. அவள் குரலில் ஒரு நிம்மதி தெரிந்ததுதான் அவரை உறுத்தியது. "நாடு எங்கயும் போயிடாது."

"நாடு போகாது. நான் போயிடுவேன்."

அவர் பீரோக் கதவைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"சௌந்தரராஜனும் இப்படித்தான் தள்ளிப் போட்டான். அந்தக் குழந்தையை ஒரு தடவை மடியில வெச்சுக்கணும் சாவித்திரி. அது போறும் எனக்கு."

அவள் எழுந்து, சுப்ரியா வீட்டுக்கு மருந்து வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனாள். அவள் தலை மறைந்ததும் ராஜாராமனுக்கு யோசனை உதித்தது. பையை வீட்டுக்குள் கொண்டு வந்தால்தானே தப்பு? கையுறையைப் போட்டுக்கொண்டு, நேராகத் தெருவுக்கு இறக்கி வாங்கிக்கொண்டால்?

சுப்ரியாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். காய்கறிக்காரனுக்குக் கூடை இறக்குகிற கயிற்றில் அவள் பையைக் கட்டிப் பால்கனியிலிருந்து இறக்கினாள். நல்ல பெண், பொறுப்பான பெண். தன் வீட்டுக் கிருமி மேஷோமோஷாய்க்குத் தொற்றிவிடக் கூடாதே என்று, இறக்கும் முன் ஒரு புட்டி சானிடைசரைப் பைக்கு உள்ளும் புறமும் தாராளமாக ஊற்றியிருந்தாள்.

கீழே நின்று அவர் பையைத் திறந்தபோது டாக்டரின் முத்திரை மை தடுப்பூசிச் சான்றிதழ் வரைக்கும் ஊதாவாக ஓடியிருந்தது. கடிதத்தில் கையெழுத்தும் இல்லை, காரணமும் இல்லை. பாஸ்போர்ட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன.

வீட்டுக்குள் போக முடியாது; பை கையில் இருக்கிறது. ராஜாராமன் நடந்தார். இரண்டு முகக்கவசங்களுக்கு மேல் கண்ணாடித் தடுப்பும் போட்டுக்கொண்டு, சொட்டுகிற பையை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்தபடி, ஆட்டோக்களுக்கும் பஸ்களுக்கும் நடுவே ஜதுபாபு பஜார் வரைக்கும் நடந்தார். வீட்டை விட்டு அத்தனை தூரம் அவர் வந்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

டிராவல்ஸ் ஆபீஸில் ஓர் இளைஞன்தான் இருந்தான். சட்டையில் நரேன் என்று பெயர் குத்தியிருந்தது. ராஜாராமன் முகக்கவசங்களை இறக்கி, பாஸ்போர்ட்டில் உள்ளபடியான முகத்தைக் காட்டி, தான் சாவித்திரியின் கணவர் என்று வங்காள மொழியில் சொன்னதும் அவன் எழுந்து நின்றுவிட்டான். மீசையைப் பார்த்தான். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

ஈரக் காகிதங்களை மேஜையில் ஒவ்வொன்றாகப் பரப்பி, மின்விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார் ராஜாராமன். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். எந்த விதியையும் தான் மீறவில்லை, விபத்தால் கொஞ்சம் நனைந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். டிக்கெட்டை ரத்து மட்டும் செய்துவிட வேண்டாம், ஒரு வாரம் தள்ளிப் போட்டால் எல்லாவற்றையும் மறுபடி வாங்கி வந்துவிடுவேன் என்று கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சிப் பழகியவர் இல்லை.

நரேன் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. "உங்க பேர்ல டிக்கெட்டே போடலையே, மேஷோமோஷாய்" என்றான் மெதுவாக.

"மாசக் கடைசிக்குப் போட்டிருக்கே?"

"போட முடியாது. நியூசிலாந்து வெளியாட்களுக்குக் கதவைச் சாத்தி ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆகுது. பேரனைப் பார்க்க வர்றவங்களுக்கும் சேர்த்துத்தான். எப்ப திறப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது."

ராஜாராமனுக்கு முதலில் வருணின் முகம்தான் மனதில் வந்தது. போனில் எப்போது கேட்டாலும், அம்மாகிட்ட எல்லாம் சொல்லியிருக்கேம்ப்பா என்று பேச்சை மாற்றுவானே, அந்த முகம். பிள்ளை தன்னை ஏமாற்றிவிட்டான். தாங்கள் அங்கே வருவதில் அவனுக்கு இஷ்டமில்லை. நேரே சொல்ல வாயில்லாமல் வேலை வைத்து இழுத்தடித்திருக்கிறான்.

"அப்போ இந்த விதியெல்லாம்?" என்று கேட்டார். "வாரம் தவறாம வந்ததே. அதெல்லாம் யார் போட்டது? என் பிள்ளையா?"

நரேன் மின்விசிறியைக் குறைத்துவிட்டு, பறக்கப் பார்த்த காகிதங்களைக் கையால் அமர்த்திக்கொண்டான்.

"நாடு மூடியிருக்குன்னு மாஷிமாவுக்கு முதல் நாளே தெரியும், மேஷோமோஷாய், ஆனா செய்ய ஏதாவது இருந்தாத்தான் நீங்க எழுந்து சாப்பிடறீங்களாம், அதனால ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இங்க வந்து, ‘இந்த வாரத்துக்கு ஒரு விதி யோசிச்சுச் சொல்லுப்பா’ன்னு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க."