பின்சக்கரம் பின்வாங்குவது குறித்து

மரியாதையும் பாசமும் கொஞ்சம் நடுக்கமும் கலந்து மச்சான் அவர்களுக்கு எழுதுவது,

இங்கே நாங்கள் மூவரும் நலம், உங்கள் மருமகளின் இடது முழங்கை நீங்கலாக. அங்கே உங்கள் நலம், அக்காவின் முதுகுவலி நிலவரம், போன தடவை வந்தபோது நான் முறுக்கிவிட்டுப் போன உங்கள் வாசல் கேட் இப்போதாவது திறக்கிறதா என்கிற விவரம், எல்லாம் அறிய ஆசை. அன்று நீங்கள் கேட் மேல் ஏறிக் குதித்து ஆபீசுக்குப் போனதை நினைத்தால் எனக்கு இன்னமும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்று, அதில் இனி ஆட்டம் இருக்காது.

நீங்கள் அனுப்பிய வேலை உத்தரவு செவ்வாய்க்கிழமையே கைக்கு வந்துவிட்டது. உங்கள் இலாகாவிலேயே ஜன்னலோர மேஜை, மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி, திங்கட்கிழமை பத்து மணிக்குள் உங்கள் மருமகள் வந்து சேர வேண்டும். போனில் நீங்கள் சொன்னதும் காதிலேயே நிற்கிறது. "மாப்பிள்ளை, நம்ம பொண்ணு மலையிலேர்ந்து உருண்டு வர்ற சைக்கிளுக்குப் படம் போட்டுக்கிட்டிருக்கான்னு வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு. அப்பாங்கிற முறையில நீங்க ஒரு அதட்டு அதட்டுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்." நானும் "ஆகட்டும் மச்சான், அதட்டிடறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, முப்பத்துநாலு வருஷ சர்வீசில் நான் அதட்டியது லிஃப்டுகளை மட்டும்தான். லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வேலை என்றால் என்ன, மனுஷனைப் பத்திரமாக, மெதுவாகக் கீழே இறக்குவது. தரையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து உச்சி மாடியிலிருந்து இறங்குவேன், ஒரு சொட்டு சிந்தினாலும் அந்த லிஃப்டுக்குப் பூட்டு. எங்கேயாவது ஆட்டம் தெரிந்தால் பையிலிருந்து ஸ்பேனர் வந்துவிடும். எனக்கென்று வந்து பிறந்தது பாருங்கள், மனுஷனை எவ்வளவு வேகமாகக் கீழே இறக்கலாம் என்று ஓயாமல் யோசிக்கிறது!

உங்கள் தங்கைக்கு இது எதுவும் தெரியாது. பொண்ணு நாற்காலியில் உட்கார்ந்து படம் வரைகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டினாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற ஜீவன் அவள். சனிக்கிழமை ஆனால் தையல் வகுப்புக்குப் போவாள், வருவாள், வாயைத் திறக்க மாட்டாள். ஹாலில் சோபா மெத்தை வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே போவதுகூட அவள் கண்ணில் படவில்லை. நான்தான் அது எலி வேலை என்று கண்டுபிடித்து மூன்று பொறி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்கள் உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இதோ பாரும்மா, போதும் விளையாட்டு" என்கிற முதல் வரியை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு அவளுடைய பட்டறைக்குப் போனேன். டைல்ஸ் கிடங்குக்குப் பின்னால் இரண்டே அறை, தகரக் கூரை. சுவர் முழுக்க உடைந்துபோன சைக்கிள் ஃபிரேம்களை வரிசையாகத் தொங்கவிட்டு, எது என்றைக்கு உடைந்தது என்று சாக்கட்டியில் தேதி வேறு போட்டிருக்கிறார்கள். எங்கள் இலாகாவாக இருந்தால் முதலில் அந்தச் சுவருக்குத்தான் வெள்ளை அடிப்போம். முதலாளி முன்னாள் பந்தய வீரர், தோள் எலும்பில் எஃகுத் தகடு வைத்திருப்பதால் எல்லோரும் அவரை 'பிளேட்' என்கிறார்கள், அவரும் ஆசையாகத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். நான் போன நேரம் அவரும் உங்கள் மருமகளும் வெளியே வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அந்தப் புது வண்டி மட்டும் தனியாக நின்றது. பெயின்ட்கூட அடிக்காத வெறும் அலுமினிய ஃபிரேம். சும்மா சீட்டைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினேன் மச்சான். பின்பக்கம் முழுக்க அசைந்தது! நம் குழந்தை ஏறி உட்கார்கிற வண்டியில் இத்தனை ஆட்டமா? கை தன்பாட்டுக்குப் பைக்குள் போய் ஸ்பேனரை எடுத்தது. கீல் இருந்த இடத்தில் நாலு போல்ட், நாலையும் கை வலிக்கிற வரைக்கும் முறுக்கினேன். மறுபடி அமுக்கினால் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றது. அதட்டுவதற்கு முன்னால் அப்பன் என்கிற கடமையை முடித்தாயிற்று என்று ஒரு திருப்தி.

என்னைப் பார்த்ததும் "அப்பா! நீங்களா! வாங்க, மலைக்குப் போறோம், ஏறுங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வேனில் உட்கார வைத்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்து முதல் வரி எப்படி வரும்? வழியில் ஓர் அட்டையை எடுத்தாள். போன வருஷம் சமையலறைக் கதவில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டிருந்தாளே, துணி மாட்டுகிற கொக்கி என்று நினைத்து நான் துண்டைக்கூடப் போட்டேன், அதேதான். சைக்கிள் ஃபிரேமை அட்டையில் வெட்டி, மூட்டுக்கு மூட்டு குண்டூசி குத்தியிருக்கிறாள்.

"பழைய ஃபிரேம்ல பின்சக்கரத்தைப் புடிச்சிருக்கிற தண்டு பெடல்கிட்ட, கீழ மாட்டியிருக்கும்பா. கல்லுல மோதினா சக்கரம் நேரா மேல போகப் பாக்கும். ஆனா கல்லு முன்னாலதானே இருக்கு? அதனால சக்கரம் சிக்கி நின்னுடும். வண்டி நிக்கும், நான் நிக்க மாட்டேன்."

"புதுசுல?"

"கீலை ஒரு சாண் மேல ஏத்திட்டேன். இப்ப கல்லு இடிச்சா சக்கரம் முதல்ல பின்னால ஒதுங்கும், அப்புறம் மேல ஏறும், தாண்டினதும் தன் இடத்துக்கு வந்துடும்."

"சக்கரம் பின்னால போனா செயின் இழுக்காதா?" என்று கேட்டுவிட்டேன். பழைய இன்ஸ்பெக்டர் புத்தி, சும்மா இருக்குமா?

"அதேதான்பா! அதுக்குத்தான் கீல் பக்கத்துலயே ஒரு குட்டிப் பல்சக்கரம். செயின் அது மேல ஏறி வரும், இழுக்காது. இதை எங்க வைக்கறதுன்னு கண்டுபுடிக்க மட்டும் நாலு மாசம் ஆச்சு." பழைய வண்டி கல்லில் சிக்குவதைக் கண்டுபிடித்தது தானில்லை என்றும், பக்கத்தில் நின்று பார்த்த ஒரு ஆள் சொன்னது என்றும் சொன்னாள். யார் அந்த மகானுபாவர் என்று கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டாள். நானும் கீல் என்றால் அசையலாம், ஆடத்தான் கூடாது, அந்த ஆட்டத்தைத்தானே எடுத்திருக்கிறோம் என்று நிம்மதியாக வந்தேன்.

மலைச்சரிவில் ஓரிடத்தில் பாறைகள் பல் வரிசை மாதிரி நட்டுக்கொண்டு நிற்கின்றன. அதற்கு 'பல்செட்' என்றே பெயர். அங்கே மரத்தடியில் ஒரு மடக்கு ஸ்டூல் கிடந்தது, அதன்மேல் நம் வீட்டு ஜன்னல் திரை போலவே பூப்போட்ட துணியில் ஒரு மெத்தை. ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் போல. நானும் பிளேட்டும் அங்கே நின்றோம். மேலே இருந்து வந்தாள் மச்சான். முதல் கல்லில் டமார் என்று ஒரு சத்தம். வண்டி நின்றது, உங்கள் மருமகள் அந்தரத்தில் போய்ச் செம்மண்ணில் விழுந்து இரண்டு குட்டிக்கரணம் அடித்தாள். ஓடிப் போய்த் தூக்கினால் தானே எழுந்துவிட்டாள். இரண்டு முழங்காலுக்கும் வலது முழங்கைக்கும் தடிமனான உறை இருந்தது, உறை இல்லாத இடது முழங்கை மட்டும் உரிந்திருந்தது. பிளேட் வண்டியை நிமிர்த்தி அமுக்கிப் பார்த்தார்.

"அசையவே மாட்டேங்குதேம்மா. இதுக்குப் பழசே தேவலை. போட்டிக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு, திங்கக்கிழமை பழைய ஃபிரேமுக்கே போயிடுவோம். மனசை விட்டுடாத" என்றார். நல்ல மனுஷர், மென்மையாகத்தான் சொன்னார்.

அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். "கணக்கு எங்கயோ தப்பிடுச்சுப்பா" என்றாள். கடைசி ஊசியையும் பிடுங்கிவிட்டு, "மாமா ஏதோ வேலை சொன்னாராமே. அது இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

மச்சான், நீங்களும் நானும் அதட்டி உருட்டிக் கேட்க வைத்திருக்க வேண்டிய கேள்வியை அவளே கேட்டுவிட்டாள். சட்டைப் பையில் உங்கள் உத்தரவு. பேண்ட் பையில் என் ஸ்பேனர். விஷயம் எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது, அசைய வேண்டிய கீலை அசையவிடாமல் பூட்டியது நான். வாயை மூடிக்கொண்டு காகிதத்தை நீட்டினால் போதும். திங்கட்கிழமை அவள் மின்விசிறிக்குக் கீழே, நீங்களும் சந்தோஷமாக இருப்பீர்கள், நானும் நிம்மதியாகத் தூங்கலாம். ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவள் ஆயுசு முழுக்கத் தன் கணக்கு தப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பாளே! சட்டைப் பைக்குத்தான் கையைக் கொண்டுபோனேன், சத்தியமாக. வெளியே வந்தது ஸ்பேனர்.

"என்னப்பா இது?"

"ஆட்டமா இருந்துச்சும்மா..."

அவள் என்னையே பார்த்தாள். "எத்தனை போல்ட்?"

"நாலும்."

"எவ்வளவு முறுக்கினீங்க?"

"கை வலிக்கிற வரைக்கும்."

பிளேட் தோள் தகட்டைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறாள், திட்டட்டும், வாங்கிக்கொள்ளத்தானே வேண்டும் என்று நின்றேன். அவளானால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கணக்கு தப்பலப்பா! கணக்கு தப்பல!" என்று சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. நான் செய்த தப்புக்கு இத்தனை சந்தோஷப்பட்ட ஆளை என் சர்வீசிலேயே பார்த்ததில்லை. பிளேட் அளவு காட்டுகிற ஒரு ஸ்பேனரை எடுத்து வந்து நாலு போல்ட்டையும் தளர்த்தி, எத்தனை முறுக்க வேண்டுமோ அத்தனை மட்டும் முறுக்கினார். போல்ட்டை முறுக்க அளவு என்று ஒன்று உண்டென்பதே எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

மறுபடி மேலே போனாள். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தேன், இன்ஸ்பெக்டர் மூடலாமா? திறந்தே வைத்திருந்தேன். வந்தாள் மச்சான்! என்ன வேகம், அடேயப்பா! முதல் கல்லில் மோதியதும் அந்தப் பின்சக்கரம் ஒரு எட்டு பின்னால் வைத்தது. பயந்துபோய் வைத்த எட்டு இல்லை, பெரியவர்களுக்கு வழிவிடுகிற மாதிரி மரியாதையாக. பிறகு ஏறியது, தாண்டியது, தன் இடத்துக்கு வந்து அடுத்த கல்லுக்குத் தயாராக நின்றது. பதினோரு கல், பதினோரு தடவையும் அப்படியே. இடுப்புக்குக் கீழே பெரிய சண்டையே நடக்கிறது, மேலே அவள் தலை மட்டும் ஆடாமல் அசையாமல் போகிறது. அந்தத் தலைமேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தால் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. நான் ஆயுசு முழுக்க எதையும் ஆடவிடாமல் செய்ததை இந்தப் பெண் ஆடவிட்டே செய்துவிட்டாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு, என் பெண், என் பெண் என்று அந்தக் கல்லுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேனாம், பிளேட் சொன்னார்.

ஆகவே, உங்கள் உத்தரவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதட்டத் தெரியாத அப்பன் என்று நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாற்காலிக்குத் தகுந்த பிள்ளை வேறு யாராவது கிடைப்பார்கள். ஒரே ஒரு வேண்டுகோள், இதில் ஒரு வார்த்தைகூட உங்கள் தங்கை காதுக்குப் போக வேண்டாம். குளியலறையில் வழுக்கியதால் முழங்கையில் காயம் என்று சொல்லிவைத்திருக்கிறோம். என் பேண்ட்டில் ஒட்டிய செம்மண்ணையும் நானே துவைத்துவிட்டேன். தெரிந்தால் அவள் உயிர் தாங்காது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டுப் படிகள், கதவுகள், நாற்காலிகள் எல்லாம் உறுதியாக இருந்து உங்களைத் தாங்கட்டும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உங்கள் தங்கையிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தேன், அந்தச் சிரமம் இனி உங்களுக்கு இல்லை. என் கையெழுத்துக்குப் பயந்து விலாசம் எழுதுவது எப்போதும் அவள்தானே. இன்று தையல் வகுப்பிலிருந்து வந்ததும் பேனாவை எடுத்தவள், விலாசத்துக்கு முன்னால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். "நாலு போல்ட்டும் நீங்கதானா?" என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் அவள் செருப்பைப் பார்த்தேன். தையல் வகுப்பில் ஏது மச்சான் செம்மண்? எட்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் அவள் போனது மலைக்கு. அந்த ஸ்டூல் அவளுடையது. கல்லுப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்ன அந்த மகானுபாவரும் அவள்தான். "மடிப்பு மேல மிஷின் ஓட்டறப்ப துணியை அமுக்குற பாதம் தூக்கிக் குடுக்கணும், இல்லேன்னா ஊசி உடையும். உன் சக்கரமும் கொஞ்சம் ஒதுங்கிக் குடுத்தா என்னடி?" என்று கேட்டாளாம், அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்திருக்கிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பை எடுத்துக் காட்டினாள், முழங்கால் உறை, முழங்கை உறை, எல்லாம் சோபா பஞ்சு. நம் வீட்டில் எலியே இல்லை. இடது முழங்கை உறை தையல் பிரிந்து அவள் மிஷினில் கிடந்ததால்தான் அந்த ஒரு காயமாம். "அப்புறம் நான் ஸ்டூல்ல ஏறினா ஏன் கண்ணை மூடிக்கறே?" என்று கேட்டேன். "பல்பையும் முறுக்கி உடைப்பீங்களே, அதைப் பாக்க சகிக்காமத்தான்" என்கிறாள். இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன் மச்சான்! அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிப் போகிறார்களாம், ஸ்பேனர் இல்லாமல் வருவதாக இருந்தால். அதனால்தான் இது கடிதமாக இல்லாமல் பார்சலாக வருகிறது. உங்கள் உத்தரவில் சுற்றி உள்ளே வைத்திருப்பது அதுதான். கேட்டை நீங்களே தளர்த்திக்கொள்ளுங்கள். இடப்பக்கமாகத் திருப்ப வேண்டுமாம், நான் அந்தப் பக்கம் திருப்பிப் பழக்கமில்லை.