தலை எண்ணிக் கொடுத்த மானியம்

கூட்டத்தைக் கண்டால் எனக்குப் புத்தி கழன்றுவிடும். கடையில் மூன்று பேர் சேர்ந்து நின்றாலே என் குரல் தானாக ஏறும். வெள்ளவத்தையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "அந்த அன்ரி ஏசிப்போட்டுத்தான் பனடோல் தருவா" என்று ஊரில் பெயர். (ஏசினாலும் சரியான மருந்தைத்தான் கொடுக்கிறேன்.) இப்படிப்பட்டவளிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தது வாசிகசாலைக்காரர் செய்த பிழை. அதைப் பிடுங்காத குறையாக வாங்கியது என் பிழை.

எங்கள் வாசிகசாலை காலி வீதியில், யாழ்ப்பாண பஸ்ஸுக்கு புக்கிங் செய்கிற கடைக்குப் பக்கத்து அறை. யாரும் எதையும் விற்க வராத, "ஏன் மெலிஞ்சு போனீர்?" என்று யாரும் கேட்காத ஒரே இடம் எனக்கு அதுதான். அதன் வாடகை மாநகர சபை தருகிற மானியத்தில் ஓடுகிறது. மானியம் வேண்டுமென்றால் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், சனம் வர வேண்டும், உத்தியோகத்தர் வந்து தலை எண்ண வேண்டும். மானியம் நின்றால் அறையைப் போன் கவர் விற்கிறவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டடக்காரர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, ஒருநாள் காலை பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பெருமூச்சு விட்டார்.

"வெள்ளைக்காரன் காலத்திலை பள்ளிக்கூடத்துக்கும் லைப்ரரிக்கும் அரசாங்கம் அள்ளியெல்லே குடுத்தது. இப்ப என்ன கிடக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளின் பல்கலைக்கழக ஒப்படைக் கட்டுரைக்கு உதவுகிறேன் என்று தொடங்கி, இந்தச் சங்கதியை வாசித்து வாசித்து, அவளைவிட நான்தான் கொதித்துப்போயிருந்தேன்.

"ஆருக்கு அள்ளிக் குடுத்தவன்? உங்கட அப்பாவுக்கோ? அரசாங்கம் லைப்ரரிக்குக் காசு குடுக்க, சந்தா கட்டின துரைமாரும் புறக்டர் வக்கீல்மாரும் உள்ளை இருந்து பேப்பர் வாசிச்சவை. உங்கட ஆக்கள் வெளியிலை அவையின்ர குதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருப்பினம்!"

பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். வாசிகசாலைச் செயலாளர் நடராசா அண்ணை, ஓய்வுபெற்ற வங்கி மனேஜர், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இதை அப்பிடியே மேடையிலை சொல்லும். மானியம் எழுதுற மிஸ் வாற கிழமை வாறா. குதிரையை மட்டும் விட்டிடும்."

கூட்டத்தன்று பட்டுச்சேலை உடுத்தேன். (மருந்துக்கடைக்காரிக்கு வேறு எப்போது சந்தர்ப்பம்?) என் மனுசன் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உந்தப் பேச்சைக் கேக்க ஆர் வரப்போகினம்?"

"நீங்கள் வருவீங்கள்."

"வராட்டி?"

"இரவுச் சாப்பாடும் வராது."

வந்தார்.

போய்ப் பார்த்தால் அறை நிரம்பி வழிந்தது! இருக்கை போதாமல் சுவரோடும் நின்றார்கள். காலடியில் பயணப்பைகள். ஒருவர் மடியில் ரைஸ் குக்கர் பெட்டி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூர இடங்களிலிருந்தெல்லாம் நேரே இங்கே வந்திருக்கிறார்களே! ஒருவர் கழுத்தைச் சுற்றித் தலையணை மாட்டியிருந்தார். கழுத்து வருத்தத்தோடும் என் பேச்சைக் கேட்க வந்திருக்கிறாரே என்று உருகினேன். அன்றைய என்னை, அந்தப் பைத்தியக்கார விசரியை, இன்று கண்டால் நானே ஏசுவேன்.

நடராசா அண்ணைக்கு வியர்த்து ஓடியது.

"சுருக்கமாக் கதையும் தங்கச்சி. பத்து நிமிஷம் போதும்."

"இவ்வளவு சனம் வந்திருக்க, பத்து நிமிஷமோ?" என்றேன். அண்ணைக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

முன்வரிசையில் மாநகர சபை மிஸ். சிங்களப் பெண், மடியில் கோப்பு. அண்ணை பக்கத்தில் குந்திச் சிங்களத்தில் மொழிபெயர்க்க ஆயத்தமாக இருந்தார்.

நான் தொடங்கினேன். அந்தக்கால அரசாங்கம் பெரும்பாலும் மிஷன்காரர் நடத்திய பள்ளிக்கூடங்களுக்குக் காசு கொடுத்ததையும், எப்படிக் கொடுத்தது என்பதையும் சொன்னேன். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், அதில் எத்தனை பேர் வாசிப்பு, எழுத்து, கணக்கில் தேறினார்கள் என்று இன்ஸ்பெக்டர் வந்து எண்ணுவார். அதன்படிதான் காசு.

"பிள்ளை காய்ச்சலோடை படுத்தா அந்தத் தலைக்குக் காசில்லை! அதுக்குச் சில பள்ளிக்கூடங்கள் என்ன செய்தவை தெரியுமோ? இன்ஸ்பெக்டர் வாற நாளிலை றோட்டாலை போற வாற பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு வந்து வகுப்பு வாங்கிலை இருத்தினவை!"

அண்ணை இருமினார். மொழிபெயர்ப்பு நின்றுவிட்டது. எழும்பி வந்து எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"இருங்கோ அண்ணை, இதுதான் முக்கியமான இடம்!" என்று கையைத் தட்டிவிட்டேன். குரலை இன்னும் ஏற்றினேன். "இரவல் சனத்தை இருத்தி வைச்சு, எங்கட சனம் எண்டு காட்டி மானியம் வாங்கிறது! இதைவிட வெக்கங்கெட்ட வேலை உலகத்திலை இருக்கோ?"

கை தட்டுவார்கள் என்று நிறுத்தினேன்.

பஸ் ஹோர்ன் அடித்தது. புக்கிங் கடைக்காரர் வாசலில் தலையை நீட்டினார்.

"யாழ்ப்பாணம் ஏறுற ஆக்கள் கெதியா வாங்கோ! பஸ் நிக்கேலாது, பொலிஸ் ஏசுறான்!"

அறை முழுக்க எழும்பியது. ரைஸ் குக்கர் எழும்பியது. கதிரைகள் சரிந்தன. ஒரு பெட்டை மட்டும் போகிறபோக்கில், "அன்ரி, நல்லாக் கதைச்சனீங்கள். மிச்சத்தை வட்ஸப்பிலை போட்டுவிடுங்கோ" என்றாள். பஸ் பிந்தும், உள்ளே ஃபானும் ரோல்ஸும் பிளேன்டீயும் இருக்கு என்று நடராசா அண்ணைதான் அவர்களைக் கூட்டிவந்து இருத்தியிருக்கிறார்.

மிஞ்சியது மிஸ், அண்ணை, நித்திரையில் இருந்த என் மனுசன், வாசலில் ஒரு காலை வெளியே வைத்தபடி நின்ற கழுத்துத் தலையணைக்காரர்.

அண்ணை சிங்களத்தில் என்னவோ சமாளிக்கத் தொடங்கினார். எல்லாரும் எங்கள் அங்கத்தவர்கள்தானாம், ஒரே நாளில் ஊருக்குப் போகிறார்களாம். மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்கிள், எனக்கு தமிழ் நல்லா வெளங்கும். நான் தமிழ் ஆளுங்க நெறஞ்ச கொட்டாஞ்சேனையில பொறந்து வளந்த ஆள். அன்ட்டி சொன்னது எல்லாம் வெளங்கிச்சு. வாங்குல இருத்தின கதையும்தான்."

தரை பிளக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தலையணைக்காரர் வெடித்தார்.

"உங்களுக்கு என்ன தெரியும், அம்மா? என்ர அப்பப்பா அந்தக் காலத்து வாத்தியார். தலை குறைஞ்சா அவருக்குச் சம்பளம் குறையும். வீட்டிலை ஏழு பிள்ளையள். நீங்களெண்டா என்ன செய்திருப்பியள்? வெக்கங்கெட்டவன் ஆர்? கொண்டுவந்து இருத்தினவனோ, தலை எண்ணிக் காசு குடுத்தவனோ?"

"அதுக்காகக் கள்ளத்தலை காட்டுறதோ?" என்றேன்.

"நீங்கள் மட்டும் இப்ப என்ன காட்டினீங்கள்?"

"எனக்குத் தெரியாது!"

"அப்பப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்!"

நான் மிஸ் பக்கம் திரும்பிவிட்டேன். "கேட்டீங்களோ மிஸ்? வெள்ளைக்காரன் போயும் நீங்கள் இன்னும் தலைதானே எண்ணுறீங்கள்!"

நடராசா அண்ணை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வெளியே ஹோர்ன் இன்னொருமுறை அடித்தது. பிறகு பஸ் போய்விட்டது. கடைக்காரர் ஏற்றிவிட்ட தலையணைக்காரரின் பெட்டியும் அதிலேயே யாழ்ப்பாணம் போனது.

மிஸ் கோப்பைத் திறந்தார். "இவரை எண்ணுறேன். சண்ட புடிக்கிறதுக்கு பஸ்ஸையே விட்டுட்டாரே. அடுத்த முறை பஸ் போன பொறகு வாறேன். அப்ப இருக்கிறவங்களத்தான் எழுதுவேன்."

அந்த வருஷம் மானியம் பாதியாகிவிட்டது. மிச்ச வாடகையை என் தலையில் கட்டினார்கள். தலையணைக்காரர் அன்றிரவு எங்கள் வீட்டில், என் இடியப்பத்தைச் சாப்பிட்டபடி, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார். அங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. அடுத்த கூட்டத்துக்கு அவரையே எதிர்ப்பேச்சாளராகக் கூப்பிட்டேன். மருந்துக்கடை அன்ரியை ஒருவர் மேடையில் வைத்துத் திருப்பி ஏசப்போகிறார் என்று கேள்விப்பட்டு, என் கடைக்கு வருகிற முழுச்சனமும் வந்தது. பஸ் போனது. ஒருவரும் எழும்பவில்லை. சொன்னபடி அதற்குப் பிறகுதான் மிஸ் வந்து எண்ணினார். மானியம் முழுதாகத் திரும்பி வந்தது. போன் கவர்க்காரன் வேறு இடம் பார்த்துக்கொண்டான்.

வாசிகசாலை தப்பியது, நான் தப்பவில்லை. போன வருஷம் மகளின் கலியாணத்தில் நன்றி சொல்ல ஒலிவாங்கியைப் பிடித்து, "அன்பான உறவுகளே" என்றதுதான் தாமதம், என் மனுசன் எழும்பி நின்று, "யாழ்ப்பாணம் ஏறுற ஆக்கள் கெதியா வாங்கோ!" என்று கத்தினார். எங்கள் பக்கத்துச் சனம் முழுக்கக் கைப்பைகளைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. கதை தெரியாத மாப்பிள்ளை வீட்டார், சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பந்திக்கு ஓடிவிட்டார்கள். நன்றியுரையை வீடியோக்காரருக்குச் சொல்லி முடித்தேன். அவர் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தார்.