எண்பத்தெட்டு மார்க் வாங்கிய முகம்

அந்த மாதம் திண்டுக்கல்லில் இரண்டு இடங்களில்தான் கூட்டம் அலைமோதியது. ஒன்று பெரியாஸ்பத்திரி. இன்னொன்று, பழனி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் வந்து இறங்கியிருந்த பிராண்ட் சித்தர். ஆஸ்பத்திரியிலாவது சீட்டு கொடுத்து வரிசையில் விடுவார்கள். சித்தரிடம் அதுவும் கிடையாது. காலையில் போய்க் கிடந்தால் மாலைக்குள் தரிசனம்.

உள்ளாட்சித் தேர்தல் அறிவித்து நான்கு நாள் ஆகியிருந்தது. கவுன்சிலர் ஆகியே தீர்வது என்று கிளம்பிய அத்தனை பேரும் வெள்ளை வேட்டியோடு மண்டப வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். சித்தர் நீலக் கோட்டுப் போட்டிருந்தார். கோட்டுக்கு மேலே உருத்திராட்சம், நெற்றியில் பட்டை, காதில் ப்ளூடூத். விளம்பரக் கலையும் ஞானமும் ஒரே உடம்பில் இறங்கிய அதிசயம் என்று நோட்டீஸ் சொன்னது. நோட்டீஸை அவரே எழுதியதால் தவறு இருக்க வாய்ப்பில்லை.

மேடையில் ஒரு கறுப்புப் பெட்டி. பெயர் வாக்கீர்ப்பு மீட்டர்; ஒரு முகம் எவ்வளவு ஓட்டை இழுக்கும் என்று அளக்குமாம். வேட்பாளர் தன் போட்டோவைக் கவரில் போட்டு ஒட்டி, மேலே பெயரும் தொழிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். சித்தர் கவரைப் பிரிக்க மாட்டார். அப்படியே பெட்டிக்குள் வைப்பார். முகத்திலிருந்து கிளம்பும் அலை காகிதத்தைத் துளைத்துக்கொண்டு வருமாம். பெட்டி 'டுய்ங்' என்று கத்தும். பக்கத்துத் திரையில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் விழும். அப்புறம் அந்த முகத்தை மக்களிடம் எப்படி விற்பது என்று சித்தர் விதி சொல்வார்.

"இன்னையில இருந்து நீங்க மனுசன் இல்ல, பிராண்டு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். மனுசன் இல்லை என்று சொன்னதற்கு ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. கைதட்டினார்கள்.

பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த பாண்டியராஜுக்கு நாற்பத்தொரு மார்க் கிடைத்தது. அவன் சிரித்தால் நாலு கடை தள்ளிக் கேட்கும். யார் கூப்பிட்டாலும் போய் நிற்பான். அதுதான் கோளாறு என்றார் சித்தர். சுலபமாகக் கிடைக்கிற ஆளை யாரும் தலைவனாக நினைக்க மாட்டார்களாம். விதிகள் எழுதிக் கொடுக்கப்பட்டன. பல் தெரியச் சிரிக்கக் கூடாது. போனை எடுக்கக் கூடாது. முக்கியமாகச் சாவு வீட்டுப் பக்கம் தலைவைக்கக் கூடாது. துக்கம் முகத்தில் ஒட்டிக்கொண்டு ஃபிளெக்ஸில் தெரியும்.

அவன் மனைவி புவனேஸ்வரி, ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் டெக்னீஷியன். வீட்டுக்குள் ஒரு பிராண்டு நடமாடுவதை அவள் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டாள். சோற்றுக்கு வெஞ்சனம் என்ன வைக்க என்று அவள் கேட்டாலும், பதிலுக்கு அவன் நெஞ்சுக்கு நேரே கைகூப்பினான்.

எட்டாம் நாள் சங்கிலியின் அம்மா செத்துப்போனாள். பதினாலு வருசமாகப் பாண்டியராஜின் கடையில் பூ மூட்டை தூக்குகிறவன் சங்கிலி. காலையிலிருந்து பாண்டியராஜின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அதைக் கவிழ்த்து வைத்தான்.

"என்னங்க, சங்கிலிதான் கூப்பிடுறான். எந்திரிங்க, போயிட்டு வந்துருவோம்."

"நீ போயிட்டு வா புவனா. நாளைக்கு எனக்குப் போட்டோ எடுக்குறாக."

"அதுக்கு?"

"சித்தர் சொல்லிருக்காருல்ல. மொகம் வாடிரும்."

புவனேஸ்வரி மாலை வாங்கிக்கொண்டு தனியாகப் போனாள். சங்கிலி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "அண்ணே வரலையா மதினி?"

"காய்ச்சல்ப்பா" என்றாள்.

"சரி மதினி" என்றான். மாலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வருகையில் ஆட்டோவில் அவளுக்கு அழுகை வந்தது. செத்துப்போன கிழவிக்காக இல்லை. வாயில் அந்தப் பொய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் வேலையில் புது மெஷின் ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரே ஆளின் ரத்தத்தை மூன்று குழாயில் ஊற்றி, மூன்று பெயர் எழுதி உள்ளே விடுவாள். மூன்றுக்கும் ஒரே அளவு வந்தால் மெஷின் வேலை செய்கிறது. வேறு வேறாக வந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். மூன்றாவது குழாயைக் கையில் பிடித்தபடி செத்த நேரம் நின்றாள். பிறகு செல்போனை எடுத்து, எதிரே இருந்த ஒன்றைப் படம் பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை 'மாபெரும் பொது அளவீடு'. அன்று மட்டும் வேட்பாளர்களின் மனைவிமார் வாசலில் அமர்ந்து போட்டோவை வாங்கிக் கவர் போட்டுக் கொடுப்பது சேவையாம். சம்பளம் கிடையாது என்பதற்குச் சித்தர் வைத்த பெயர் அது. புவனேஸ்வரி தானாக முன்வந்து உட்கார்ந்தாள். பதினோரு போட்டோ வந்தது. பதினொன்றையும் வாங்கி, கவர் மேல் பெயரும் தொழிலும் எழுதி, ஒட்டி, மேடைக்கு அனுப்பிவைத்தாள்.

முதல் கவர், லாட்ஜ் அதிபர் அழகுராஜா. சித்தர் உரக்கப் படித்தார். பெட்டி 'டுய்ங்' என்றது. எண்பத்தெட்டு! மண்டபமே எழுந்தது.

"என்ன முகம் பாருங்க!" என்றார் சித்தர் கண்ணை மூடிக்கொண்டு. "இந்த முகத்துல ஒரு குளிர்ச்சி இருக்கு. பெண்கள் ஓட்டு அப்படியே வரும்."

அடுத்தது ஷரீஃபா, பேகம்பூரில் இட்லிக் கடை. பத்தொன்பது. "கண்ணுல பயம் தெரியுது. அடுத்த தேர்தல்ல பார்ப்போம்" என்றார். ஷரீஃபாவின் முகம் தொங்கிப்போயிற்று. பாண்டியராஜுக்கு நாற்பத்தாறு. விதிப்படி நடந்ததற்கு ஐந்து மார்க் கூடியிருந்தது. அவன் பல் தெரியாமல் மகிழ்ந்தான்.

பதினொன்றும் முடிந்ததும் புவனேஸ்வரி மேடையேறி மைக்கைக் கேட்டாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்துக் கொடுத்தார்கள்.

"சார், கவரைப் பிரிச்சுப் பாக்கலாமா?"

"பிரிக்கக் கூடாதும்மா. அலை கலைஞ்சிரும்."

"கலைஞ்சா போகுது. ஒரிஜினல் போட்டோ பூராம் என் பையில இருக்கு."

அழகுராஜாவின் கவரைக் கிழித்துப் படத்தைத் தூக்கிக் காட்டினாள். வெள்ளை ஃபிரிட்ஜ் ஒன்று. ஷரீஃபாவின் கவரைக் கிழித்தாள். அதே ஃபிரிட்ஜ். பாண்டியராஜ், அதே ஃபிரிட்ஜ். பதினொரு கவரிலும் ஃபிரிட்ஜ்.

"எங்க லேப்புல ரத்தம் வைக்கிற ஃபிரிட்ஜ் இது. அழகுராஜா அண்ணன் பேரை எழுதுனா எண்பத்தெட்டு, ஷரீஃபாக்கா பேரை எழுதுனா பத்தொன்பது. குளிர்ச்சின்னு சொன்னாரே, அது மட்டும் வாஸ்தவம். நாலு டிகிரி."

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "பேருக்கும் ஒரு அலை இருக்கும்லம்மா?"

"ஆமா! பேரலை!" என்று சித்தர் அதைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் பாதி தலையாட்டத் தொடங்கியது. நம்புவது என்று வந்துவிட்டால் நம் ஆட்கள் ஒரு ஃபிரிட்ஜுக்காகப் பின்வாங்க மாட்டார்கள்.

அப்போது ஷரீஃபா பெஞ்சு மேல் ஏறி நின்றாள். "அப்ப அழகுராஜா கவரையே இன்னொரு தடவ வைங்க. ஆனா கோட்டுப் பையில இருந்து கைய வெளிய எடுத்துட்டு வைங்க. நானும் அப்பப் புடிச்சுப் பாக்குறேன், கை உள்ள போனாத்தேன் பெட்டி கத்துது."

சித்தர் கையை வெளியே எடுத்துக் கவரைப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டி கத்தவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். அழகுராஜாவே மேடையேறி, கோட்டுப் பைக்குள் கைவிட்டு, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ரிமோட்டை எடுத்து அழுத்தினார். 'டுய்ங்.' திரையில் எண்பத்தெட்டு. இன்னொரு பொத்தானை அழுத்தினார். பத்தொன்பது. எண்பத்தெட்டு வாங்கிய மனிதரின் முகம் அப்போது பார்க்கிற மாதிரி இல்லை.

சித்தர் பின்வாசல் வழியாகப் போனார். அன்று போனை அவரும் எடுக்கவில்லை.

பாண்டியராஜ் நாற்காலியை விட்டு நகரவில்லை. புவனேஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சங்கிலி வீட்டுக்குப் போகணும்" என்றான்.

"காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

"நான் நெசத்தச் சொல்லிக்கிறேன்."

சங்கிலி வாசலில் பந்தல் கம்புகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பாண்டியராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் முன்னால் நின்றான். "எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லப்பா."

"தெரியும்ணே. மறுநாளு உங்க போட்டோவ ஸ்டேட்டஸ்ல பாத்தேன். மொகம் நல்லாப் பளிச்சுன்னு இருந்துச்சு."

பாண்டியராஜ் வாய்விட்டு அழுதான். நாலு வீடு தள்ளிக் கேட்டது. சங்கிலி தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழுது முடித்ததும், "அந்தக் கம்பப் புடிங்கண்ணே" என்றான். இரண்டு பேருமாகப் பந்தலைப் பிரித்தார்கள்.

தேர்தலில் பாண்டியராஜ் நூற்றுப் பதினேழு ஓட்டில் தோற்றான். ஜெயித்தவருக்கு வார்டு முழுக்க அறுபது ஃபிளெக்ஸ். மூன்றாம் மாதம் அவர்கள் தெருவில் பதினோரு நாள் தண்ணீர் வரவில்லை. காலிக் குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் புதுக் கவுன்சிலரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டாள் புவனேஸ்வரி.

"அவனுக்குத்தேன். படத்துல கும்புட்டுக்கிட்டு எம்புட்டு லட்சணமா நின்னான்!"

"ஏங்க்கா, கத்திரிக்கா வாங்குனாக்கூடக் காம்பத் திருப்பிப் பாத்துத்தானே வாங்குவீங்க? அஞ்சு வருசத்துக்கு ஆளு எடுக்கையில அம்புட்டாச்சும் பாருங்க."