பெட்ரோல் போட்டுவிட்டுப் போன திருடன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜருக்கு வந்தது சாதாரணக் கோபம் அல்ல. அவருடைய சாதாரணக் கோபங்களைத் தெரு முழுக்க அறியும். பால் தாமதமானால் ஒன்று. பேப்பரில் எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் ஒன்று. கரண்ட் போனால் ஒன்று, போன கரண்ட் வந்து மிக்ஸி அலறினால் இன்னொன்று. இது அந்த ரகம் இல்லை. உள்ளங்காலில் புறப்பட்டு உச்சந்தலையில் முட்டி, வெளியே போக வழி தெரியாமல் மீசையில் வந்து நின்று துடித்த கோபம்.

காரணம் இதுதான். அவருடைய ஜீப்பில் யாரோ பெட்ரோல் போட்டிருந்தார்கள்.

மேஜர் பட்டாளத்துப் பக்கம் தலை வைத்துப் படுத்தவர்கூட இல்லை. அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறவர். ராணுவம் கழித்துக்கட்டி ஏலத்தில் தள்ளிய பழைய ஜீப் ஒன்றை எடுத்துவந்து வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிறுத்தினார். அன்றைக்குத் தெரு கொடுத்த பதவிதான் 'மேஜர்'. அவரும் பதவிக்கு ஏற்ற மாதிரி மீசையை வளர்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஞாயிறெல்லாம் ஜீப்புக்கே. எல்லாவற்றையும் பிரித்தார், துருவைச் சுரண்டினார், மறுபடி பூட்டினார். ராணுவப் பச்சை கிளிப்பச்சையா பாசிப்பச்சையா என்று பெயின்ட் கடைக்காரரோடு சண்டை போட்டு, அந்தக் கடை வாசலையே மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்தார். கடைசியில் என்ஜின் ஓடியது. வண்டிதான் ஓடவில்லை. ஓட்டினால்தானே?

"ஒரிஜினல் ஹாரன் கிடைக்கட்டும்" என்பார். "கடைசி நட்டு வரைக்கும் அந்தக் காலத்துப் பட்டாளச் சரக்கா இருக்கணும். அதுவரைக்கும் இந்தச் சக்கரம் தெருவுல உருளாது."

ஹாரன் இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த ஈறு மாதிரி காலியாகவே இருந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு புது ஹாரன் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. டயர் இடுக்கில் செம்மண். முள் 'காலி'யில் கிடந்த டேங்கில் பெட்ரோல் ததும்பியது.

"அடியே! இங்க வா!"

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். கிளினிக் ஒன்றில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை. வீட்டில் அந்த வேலை அவளுக்குக் கிடையாது. இவருடைய ரத்தம் தானாகவே கொதித்து ஆவியாகிவிடும்.

"வண்டியை எவனோ எடுத்திருக்கான்!"

"வண்டி இங்கதானே இருக்கு?"

"எடுத்துட்டுத் திரும்பக் கொண்டாந்து வெச்சிருக்கான்!"

"அப்ப திருடன் இல்லீங்க. நாணயமான ஆளு."

"பெட்ரோல் வேற போட்டிருக்கான்!"

"அப்ப நம்ம சொந்தக்காரங்க இல்ல. அது நிச்சயம்."

மேஜர் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு ஹாரனை அழுத்தினார். 'பீப்பீ' என்றது அது.

"கேட்டியா? கண்ட கழுதை ஹாரனைக் கொண்டாந்து மாட்டியிருக்கான்!"

"நல்லாத்தானே கத்துது?"

"பட்டாள வண்டி கத்தாதுடி. உறுமும்!"

"சரிதான். கத்துறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

"இதைக் கேளு. ரிவர்ஸ் கியர் போட்டா கடமுடன்னு ஒரு சத்தம் வரும். அதையும் சரி பண்ணித் தொலைச்சிருக்கான்!"

"அது நல்லதுதானேங்க?"

"அது ஒரிஜினல் சத்தம்டி!"

அவள் உள்ளே போனாள். போகும்போது தோள் லேசாகக் குலுங்கியது. பாவம், வண்டிக்காக அழுகிறாள் என்று மேஜர் நினைத்துக்கொண்டார்.

கொட்டகைப் பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு. ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கும். இன்னொன்றைப் போன வருஷம் வெளியூர் போனபோது பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் கொடுத்து வைத்தது, திரும்பி வரவில்லை. மேஜரின் மூளையில் பளிச்சென்று பல்ப் எரிந்தது. ஃபியூஸ் போன பல்ப் என்பது அப்போது தெரியவில்லை.

மறுநாள் டாக்டர் ஒரு நோயாளியின் வாயைத் திறந்து வைத்துக் குறடைக் கையில் எடுத்த நேரத்தில், மேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தார்.

"யோவ், உண்மையைச் சொல்லு. எடுத்தியா இல்லையா?"

"இன்னும் எடுக்கல சார். இப்பதான் ஊசி போட்டேன்."

"பல்லைக் கேட்கல. என் ஜீப்பை எடுத்தியா?"

"சார், நான் வாழ்க்கையில எடுத்ததெல்லாம் பல் மட்டும்தான்."

"அப்ப சாவி எங்க?"

"சாவி வீட்டுக்குள்ள இருக்கும். எனக்கு கியரே போடத் தெரியாது சார். என் வீட்டுக்காரிதான்..." டாக்டர் சட்டென்று நிறுத்தினார்.

"உன் வீட்டுக்காரிதான்?"

"கூப்பிடுற மாதிரி இருக்கு. கொஞ்சம் இருங்க, வரேன்."

குறடை வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போன டாக்டர் போனவர்தான். திறந்த வாயோடு படுத்திருந்த நோயாளி, "ஆ... ஆ..." என்று மேஜரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். குறடு மேஜர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்ததுதான் காரணம்.

மேஜருக்குச் சந்தேகம் தீர்ந்தது. டாக்டர்தான் களவாணி. கையும் களவுமாகப் பிடித்து, தெருவே பார்க்க, குறடு இல்லாமலே அவன் பல்லைப் பிடுங்க வேண்டும். அன்றுவரை ஒற்றுப் பிழை பார்த்துக்கொண்டிருந்தவர் அன்றிலிருந்து ஒற்றுப் பார்க்கத் தீர்மானித்தார்.

"புதன்கிழமை நான் வெளியூர் போறேன்" என்று சாப்பிடும்போது உரக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்கும் கேட்க வேண்டுமே. "பெரிய புஸ்தகம் ஒண்ணு. அங்கேயே தங்கித் திருத்தணும். வர ரெண்டு நாளாகும்!"

"போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. "ஏன் சுவரைப் பார்த்துச் சொல்றீங்க?"

புதன்கிழமை காலை பையோடு முன்வாசலில் இறங்கினார். தெருமுனை வரை விறைப்பாக நடந்தார். திரும்பியதும் ஓட்டம் பிடித்தார். பின்சந்து வழியாக வந்து கொட்டகையைத் திறந்து, உள்ளே நுழைந்து, கதவிடுக்கில் கைவிட்டு வெளிப்பூட்டை முன்போலவே போட்டார். ஜீப்பின் பின்பக்கம் ஏறிப் படுத்துத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கையில் பெரிய ஸ்பானர்.

தகரக் கூரை காய்ந்தது. தார்ப்பாய்க்குள் மேஜர் வெந்தார். ஜாக்கியின் கைப்பிடி விலாவில் குத்தியது. 'வாடா டாக்டர், வா' என்று அந்த வேதனையையும் டாக்டர் கணக்கிலேயே எழுதினார்.

பூட்டு திறக்கும் சத்தம். காலடிகள். யாரோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி முன்சீட்டில் ஏறினார்கள். ஸ்டார்ட்டரை ஒரே அழுத்து. என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. மேஜர் தொட்டால் சோக்கை இழுத்து, பெடலை மிதித்து, கெஞ்சி, திட்டி, பிறகுதான் பிடிக்கும். என்ஜினின் இந்தத் துரோகத்தில் அவர் திகைத்துப்போன நேரத்தில் வண்டி ரிவர்ஸில் வழுக்கிக்கொண்டு வெளியே போனது. எழுந்து பாயலாம் என்று முழங்கையை ஊன்றினார். வண்டி திரும்பிய வேகத்தில் உருண்டு போய்ப் பக்கவாட்டுத் தகட்டில் மோதினார்.

வண்டி நின்றது. "சீக்கிரம் வா, நேரமாச்சு" என்றது ஓட்டுகிற குரல்.

வாழ்நாளெல்லாம் கேட்ட குரல். கேட்டும் கேளாமல் விட்ட குரல். அவர் மனைவி!

"இதோ வந்துட்டேன்க்கா." இது பல் டாக்டரின் மனைவி. "ஐஸ் பெட்டியைப் பின்னால வெச்சுடட்டுமா? அக்கா, தார்ப்பாய் ஏதோ மேடா இருக்கே?"

"பழைய சாமான். ஒரிஜினல். பயப்படாம வை."

ஐஸ் பெட்டி மேஜரின் வயிற்றில் உட்கார்ந்தது. உள்ளே எரிமலை, மேலே பனிமலை. வாயைத் திறந்து கத்தியிருக்கலாம். ஆனால் கடைத்தெரு நடுவில், இரண்டு பெண்கள் ஓட்டிப் போகிற வண்டியின் பின்னால், ஸ்பானரும் கையுமாகத் தார்ப்பாய்க்குள்ளிருந்து முளைப்பதா? அப்புறம் மானம் சந்தி சிரித்துப் போகும். அவர் திருத்தி வந்த சந்திகள் எதிலும் இப்படி ஒரு பிழை விழுந்ததில்லை. 'ராணுவ வண்டி'யில் ஓர் எழுத்து மாறி, ஓர் எழுத்து உதிர்ந்து 'ராணி வண்டி' ஆகியிருந்தது.

"அண்ணன் வெளியூர் போயிட்டாராக்கா?"

"போயிருக்கார். பக்கத்துலதான்."

"தெரிஞ்சா கோவப்படுவாரே. பயமா இல்லையா?"

"கோவமா? அது அவருக்குத் தேகப்பயிற்சி. நிறுத்திட்டா உடம்புக்கு ஏதாவது வந்துடும்."

தார்ப்பாய்க்கடியில் தேகப்பயிற்சி உச்சத்தில் நடந்துகொண்டிருந்தது.

கடைத்தெரு இரைச்சல் ஓய்ந்தது. ரோடு கரடாகி, கரடு கல்லாகி, வண்டி மேலே ஏறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு 'பீப்பீ'. குழிக்குக் குழி மேஜர் ஒரு சாண் எழும்பி விழுந்தார், ஐஸ் பெட்டி அவர் மேல் விழுந்தது. டாக்டர் மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எங்கேயோ தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வண்டி இறங்கியது, சறுக்கியது, என்ஜின் முக்கியது. அப்படியே நின்றுவிட்டது.

"சேத்துல மாட்டிக்கிச்சா அக்கா?"

"ம். போன தடவையைவிட ஆழம் ஜாஸ்தி. ஏங்க!"

தார்ப்பாய் அசையவில்லை.

"ஏங்க, உங்களைத்தான். தார்ப்பாய்க்குள்ள இருக்கிற உங்களைத்தான். போதும் படுத்தது. இறங்கித் தள்ளுங்க."

டாக்டர் மனைவி வீலென்று அலறினாள். தார்ப்பாய் எழுந்து நின்றது. அதற்குள்ளிருந்து வியர்வை சொட்டச் சொட்ட, மீசை ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாக மேஜர் வெளிப்பட்டார். ஸ்பானரை ஓங்கியபடி கீழே குதித்தார். குதித்தது ஓடையில். முழங்கால் வரை சேறு வாங்கிக்கொண்டது.

"எப்படிடி தெரிஞ்சுது?"

"வெளியூர் போறவர் பல் தேய்க்கிற பிரஷ்ஷை வெச்சுட்டு, ஸ்பானரை எடுத்துட்டுப் போனா வேற என்ன நினைப்பாங்க?"

"எவ்வளவு நாளா நடக்குது இந்த அக்கிரமம்? யாரைக் கேட்டு எடுத்தே? என் வண்டிடி இது! ஒவ்வொரு நட்டா தேடித் தேடிக் கோத்த வண்டி! தூசி படாம வெச்சிருந்தேன். அதைக் கொண்டாந்து சேத்துல..." கோபத்தில் காலை உதறினார். செருப்பு சேற்றோடு போனது. அதற்கும் சேர்த்துக் கத்தினார். "கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டேன்."

"எப்ப?"

"மழைக்கு முன்னாடி. மேல கல் உடைக்கிறவங்க குடியிருப்புல எல்லாரும் இருமுறாங்க, மாசமா இருக்கிறவங்க வேற இருக்காங்க, கிளினிக் வேன் இந்த ஓடையைத் தாண்ட மாட்டேங்குது, உங்க ஜீப்பைக் கொடுங்கன்னு கேட்டேன். 'எல்லையில நின்ன வண்டி, ஊசி குத்தப் போகாது'ன்னு தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டீங்க."

"அப்படின்னா வேண்டாம்னு அர்த்தம்!"

"புரிஞ்சுது. அதான் மறுபடி கேட்கல."

திருட்டு என்றால் திட்டலாம். இருமுகிறவர்களுக்கு உதவப் போவதை எப்படித் திட்டுவது? வந்த கோபத்துக்குப் போக இடமில்லை. அதில்தான் அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

"வண்டி ஓட்ட உனக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்?"

"கிளினிக் வேனை ரொம்ப நாளா நான்தாங்க ஓட்டுறேன்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே!"

"நீங்க கேட்டதே இல்லையே."

"இறங்கு! நான் ஓட்டுறேன்!"

அவள் மறுபேச்சில்லாமல் இறங்கினாள். மேஜர் சீட்டில் ஏறி மீசையைச் சரிசெய்தார். நாலு சக்கரத்துக்கும் வேகம் கொடுக்கிற குட்டைக் கம்பி ஒன்று கால் பக்கத்தில் இருந்தது. ஞாயிறுதோறும் எண்ணெய் போட்டுத் துடைத்த கம்பிதான். அதை எந்தப் பக்கம் தள்ளுவது என்று மட்டும் தெரியாது. துடைப்பதற்கு அது தெரியத் தேவையில்லை. இழுத்தார், தள்ளினார், மிதித்தார். ஜீப் ஒரு துள்ளு துள்ளி, இருமி, இன்னும் ஆழமாகப் பின்னால் போய் உட்கார்ந்தது.

கரையில் இரண்டு பெண்களும் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது கத்தியிருக்கலாம்.

"ஐஸ் உருகுதுங்க. மருந்தெல்லாம் கெட்டுடும்" என்றாள் மனைவி மெதுவாக.

மேஜர் இறங்கினார். அவள் ஏறினாள். குட்டைக் கம்பியை ஒரு கையால் தட்டினாள், அது சொன்ன பேச்சைக் கேட்டது. மேஜர் பின்பக்கம் தோளைக் கொடுத்தார். "தம் கட்டித் தள்ளுங்க!" சக்கரங்கள் சுற்றின. ஓடையில் இருந்த சேற்றில் பாதி அவர் மேல் ஏறியது, வண்டி கரை ஏறியது.

மேஜர் பின்னால் தொற்றி ஏறி, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண் மட்டும் தெரிகிற முகத்தோடு முழங்கினார்:

"இன்னையோட சரி! நாளைக்கே பூட்டை மாத்துறேன்! என் உத்தரவு இல்லாம இந்த வண்டி ஒரு அடி நகரக் கூடாது! புரிஞ்சுதா?"

"சரிங்க" என்றாள் அவள், அடுத்த வளைவில் 'பீப்பீ' கொடுத்துக்கொண்டே.

மேலே குடியிருப்பு. வரிசையாகப் பெண்களும் கிழவர்களும் காத்திருந்தார்கள். ஜீப்பைக் கண்டதும் எல்லோர் முகமும் மலர்ந்தது. "அம்மா வந்துட்டாங்க" என்று குரல்கள் எழுந்தன. சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, கொஞ்சம் இறங்கிச் சக்கரத்துக்குக் கல்லு வைங்க. உருளுது."

உருளுகிற வண்டி அவருடைய வண்டி. அவர் இறங்கி ஒரு கல்லைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார். குவாரி மேஸ்திரி அவரைத் தலை முதல் கால் வரை, அதாவது சேறு முதல் சேறு வரை பார்த்தார்.

"இவரு யாரும்மா? இதுக்கு முன்னாடி பார்த்ததில்லையே?"

மேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். வண்டிக்குச் சொந்தக்காரர் யார் என்பதை ஊர் அறியச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"நம்ம வண்டி கிளீனர்ண்ணே. கொஞ்சம் கோவக்காரர். புதுசுதானே, போகப் போகப் பழகிடுவார்."