நடு வீட்டு நங்கூரம்

கூரையில் மாட்டிய கொக்கி கனம் தாங்குமா என்று பார்க்க ஊரில் நூறு வழி இருக்கலாம். தொங்கட்டானுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்து, தானே தொங்கிப் பார்ப்பார். அவரைத் தாங்கினால் அது எதையும் தாங்கும். தாங்காவிட்டால் கீழே விழுவார். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, கொத்தனார் சரியில்லை என்பார்.

எங்கள் ஊர் மாப்பிள்ளையூரணியில் அவருடைய சொந்தப் பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் தொங்கட்டான். நான் தொங்கட்டான் மகள். இறால் கம்பெனியில் என்னோடு தோல் உரிக்கிற பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். காதில் விழாத மாதிரி இருப்பேன். ஆனால் காது சிவந்து காட்டிக் கொடுத்துவிடும்.

அப்பா மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போகிற தோணியில் வேலை பார்த்தவர். தோணியில் தரையில் வைத்த சாமான் அலை அடித்தால் ஓடிவிடும். அதனால் எல்லாவற்றையும் தொங்க விடுவார்கள். கரைக்கு வந்து உட்கார்ந்த பிறகும் அப்பா தரையை நம்பவில்லை. உடைக்கப் போட்ட தோணியில் எது கிடைத்தாலும் வீட்டுக்கு அழகு என்று தூக்கிக்கொண்டு வருவார். சுக்கான் சக்கரம் வந்தது. பித்தளை மணி வந்தது. ஒரு பெரிய கப்பல் கண்ணாடி, தேக்குச் சட்டத்தோடு ஆள் உயரத்துக்கு வந்தது. அதைச் சுவரோடு ஒட்டி மாட்டினாரா என்றால் இல்லை. ஆடுவதற்கு இடம் விட்டால்தான் கயிறு அறாது என்பார். கடல் காற்று அடித்தால் கண்ணாடி ஆடும். வகிடு எடுக்க நானும் கூடவே ஆட வேண்டும். என் வகிடு நேராக இருந்த நாளே கிடையாது.

கடைசியாக வந்தது நங்கூரம். அவர் வேலை பார்த்த தோணியையே உடைத்தபோது கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தது. அரை மூட்டை உப்பு கனம் இருக்கும். அதற்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்து, சீரியல் லைட் சுற்றி, முன்னறை நடுவில், குறுக்குக் கம்பு சரியாக நெற்றி உயரத்தில் இருக்கும்படி தொங்க விட்டார். வருகிறவர்கள் எல்லாரும் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். அதில் அப்பாவுக்கு ஒரே பெருமை. நானோ, யாராவது வீட்டுக்கு வருகிறேன் என்றாலே ஏதாவது சாக்குச் சொல்லித் தடுத்துவிடுவேன்.

போன மாதம் அப்பா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடம்பைக் கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்ததும் தெருவே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஐஸ் பெட்டி வைக்க முன்னறையை விட்டால் இடம் இல்லை. முன்னறை நடுவில் நங்கூரம், அதன் கீழ்நுனி பெட்டி மூடி உயரத்துக்கு இறங்கியிருந்தது. அது இறங்காவிட்டால் அப்பாவை அவர் வீட்டுக்குள்ளேயே வைக்க முடியாது. தெருவில்தான் கிடக்க வேண்டும்.

அவிழ்த்துப் பார்த்தார்கள். அப்பா போட்ட முடிச்சு உப்புக் காற்றில் கல்லாகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அரிவாளோடு வந்தார். அதுவரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றாள்.

“அறுக்கப்படாது.”

“வேற என்ன மதினி செய்ய? வண்டி வந்துரும்லா.”

“அவிய இன்னும் வீடு வந்து சேரல. ஆளு வந்து சேருமுன்ன நங்கூரக் கயித்த அறுப்பாங்களா?”

அப்பா போன தோணியின் தண்டல் மூலையில் நின்றிருந்தார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். அவராவது அம்மாவுக்குப் புத்தி சொல்லுவார் என்று எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மதினி சொல்லுதது சரிதான் என்று முடித்துவிட்டார். அரிவாள் வந்த வழியே போனது. எனக்கு அந்த இடத்திலேயே இல்லாமல் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

வண்டிக்காகக் காத்திருந்தோம். அழுதுகொண்டு ஓடி வருகிற ஒவ்வொரு பெண்ணும் நேராக வந்து நங்கூரத்தில் நெற்றியை இடித்தாள். “என்னப் பெத்த ஐயா” என்று ஆரம்பித்தது பாதியில் நின்று, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்கோ யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

எதிர் வீட்டு டீச்சர் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் அந்தக் கதையை எடுத்தார். அவர் மகன் மஸ்கட்டிலிருந்து பெரிய கண்ணாடித் தொங்குவிளக்கு அனுப்பியிருந்தான். அப்பா கூப்பிடாமலே போய்க் கொக்கியில் தொங்கிவிட்டார். ஒரு மாதா செபம் சொல்லி முடிக்கிற நேரம் தாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தொங்குகிற ஆளுக்கு மூச்சு வராதே. அதனால் டீச்சரைச் செபம் சொல்லச் சொன்னார். டீச்சர் நாசரேத் ஊர்ப் புராட்டஸ்டண்ட். எங்கள் கத்தோலிக்கச் செபமெல்லாம் அவருக்கு வராது. கண்ணை மூடிக்கொண்டு தன் வழக்கப்படி சொந்தமாகவே ஆரம்பித்தார். மகனின் விசா, உப்பளத்து வேலைக்காரர்கள், வியாதியஸ்தர்கள், நாட்டை ஆளுகிறவர்கள் என்று செபம் போய்க்கொண்டே இருந்தது. செபம் முடியும் முன்னே குதித்தால் பாவம் என்று அப்பா விடாமல் தொங்கினார். லுங்கி அவிழத் தொடங்கியது.

“‘ஆமென், ஆமென்’னு அண்ணாச்சி கத்துதாங்க. சரி, ஆவியில நெறஞ்சுட்டாங்க போலன்னு நான் இன்னுங் கொஞ்சம் நீட்டிட்டேன்” என்றார் டீச்சர்.

முதலில் லுங்கி விழுந்தது. பிறகு அப்பா. கொக்கி அப்படியே இருந்தது. அவரைக் கூட்டிப் போக வந்த நான் வாசலில் நின்று அதைப் பார்த்தேன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினேன்.

இழவு வீடு முழுக்கச் சிரித்தது. அம்மாவின் தோள் குலுங்கியது, எதற்கென்று தெரியவில்லை. என் வாயிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அப்பா வண்டியில் வந்துகொண்டிருக்கிறார், நான் இங்கே உட்கார்ந்து சிரிக்கிறேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

வண்டி எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள புதுக்கோட்டையைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. சிரிப்பு நின்றது. அவசரமாக நங்கூரத்தை இழுத்து ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். துருப்பிடித்த கம்பி பெயர்ந்து கையோடு வந்தது. கடைசியில் தண்டலே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, நங்கூரத்தை இரண்டு கையாலும் அணைத்துச் சுவர் ஓரமாகச் சாய்ந்து நின்றார். பெட்டியை உள்ளே கொண்டுவரச் சொன்னார்.

அப்பா வீட்டுக்குள் வந்துவிட்டார்.

விட்டால் நங்கூரம் ஆடிவந்து அவர் முகத்துக்கு மேல் இருக்கிற பெட்டிக் கண்ணாடியில்தான் மோதும். ஆகையால் பங்குச் சாமியார் வந்து செபித்துப் பெட்டியை எடுக்கிறவரை யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முறை வைத்துப் பிடித்தார்கள். மாலை போட்டவர்கள் கையோடு ஒரு முறை பிடித்துவிட்டுத்தான் வெளியே போனார்கள். நீங்க போய்க் காப்பி குடிங்க அண்ணாச்சி, நான் பிடிக்கேன் என்று ஆள் மாற்றிக்கொண்டார்கள். டீச்சரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து பிடித்தார். வேறு வீடுகளில் பெட்டியைச் சுற்றி நின்று அழுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் தோணிக்குச் சரக்கு ஏற்றுகிற மாதிரி நடக்கிறதே என்று நான் குறுகிப்போனேன். சாமியார் உள்ளே வந்து மேலே பார்த்தார். பிறகு பெட்டி அருகே போய்ச் செபப் புத்தகத்தைத் திறந்தார்.

செபம் தொடங்கும்போது தண்டல் மறுபடி பிடித்திருந்தார். நங்கூரம் அவர் பிடியிலிருந்து நழுவத் தொடங்கியிருந்தது. நான் போய் நின்றேன்.

“ஏளா, உனக்கு முடியாது. தள்ளு.”

“எங்கப்பாக்கு நான் பிடிக்கேன்.”

விட்டுக்கொடுத்தார். இரும்பு மார்பில் ஏறி அழுத்தியது. என் கையெல்லாம் வெள்ளிப் பெயிண்ட். தெரு மொத்தமும் என்னைப் பார்த்தது. அந்த இடத்திலிருந்து அப்பாவின் முகம் நேராகத் தெரிந்தது. தொங்கட்டான் மகள் என்று யாரோ வாசலில் என்னைக் காட்டி அடையாளம் சொன்னார்கள். ஆமாம் என்று சத்தமாகவே சொன்னேன்.

பெட்டியைத் தூக்கினார்கள். இனி மெல்ல விடு என்றார் தண்டல். விட்டேன். காலி இடத்துக்கு மேல் அது ஆடி ஆடி நின்றது. இப்போது அறுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அம்மா குனிந்து அதைக் கடந்து வாசலுக்குப் போனாள்.

அன்றைக்குப் பிடித்த தோள் வலி ரொம்ப நாள் இருந்தது. அம்மா எண்ணெய் தேய்க்க வந்தாள், வேண்டாம், வலி இருக்கட்டும் என்றேன். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் வலி போயிருந்தது. அதற்கும் சேர்த்து அழுதேன்.